மஞ்சள் விளக்கு எரிந்ததும் சென்சார் வாங்க ஓடாதீர்கள்

போன வாரம் ஒரு வாசகர் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். டேஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. "பட்டறையில் சென்சார் போச்சு, 600 வெள்ளி ஆகும்னு சொல்றாங்க. இணையத்துல பாதி விலைக்குக் கிடைக்குது. நானே வாங்கி மாட்டிடலாமா சார்?" என்று கேட்டிருந்தார்.

மாட்டலாம். பல சென்சார்களை வீட்டு வாசலிலேயே மாற்றிவிட முடியும். ஆனால், கெட்டுப்போனது அந்தச் சென்சார்தானா என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் 165 வெள்ளியைத் தண்டம் அழுதவன் நான். அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

அப்போது தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட்டில் உள்ள அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். காருக்குப் பன்னிரண்டு வயது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கியது. இரண்டு நாளில் மஞ்சள் விளக்கும் எரிந்தது. 45 வெள்ளிக்கு ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 துளை சாக்கெட்டில் செருகினேன். கைப்பேசியில் பி0171 என்று வந்தது. எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள்.

இணையத்தில் தேடினேன். 'ஆக்சிஜன் சென்சாராக இருக்கலாம்' என்று எங்கோ படித்தேன். 'இருக்கலாம்' என்ற சொல் என் கண்ணில் படவில்லை. 165 வெள்ளிக்கு வாங்கினேன். சரியாக ஆறாத புகைபோக்கிக் குழாயில் கை வைத்து இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு நானே மாட்டினேன். விளக்கை அழித்தேன். அன்று இரவு எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் காலை விளக்கு மீண்டும் எரிந்தது. நடுக்கமும் குறையவில்லை. "பிள்ளைங்க துணிக்கு வச்சிருந்த காசு" என்றார் மனைவி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காசைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு இருந்தது. இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது, பண்டிகை நெரிசலில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது?

எங்கள் தாமானில் மூன்று வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். நாற்பது வருடம் லாரி பட்டறையில் வேலை பார்த்தவர். அன்று மாலை அவரிடம் போய்ச் சொன்னேன். வந்தார். "காடிய ஸ்டார்ட் பண்ணி பானெட்ட தெற" என்றார். ஒரு முழம் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோனார். ஓர் இடத்தில் நிறுத்தி, குழாயை என் காதில் வைத்தார். 'உஸ்ஸ்' என்று சத்தம். எஞ்சின் மூடியிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஒரு சிறிய ரப்பர் குழாய், வளைவின் அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பை விரலால் மூடினார். நடுக்கம் நின்றது.

"காத்து குடிக்குது தம்பி. சென்சார் உண்மையத்தான் சொல்லிச்சு. நீதான் அத கழட்டிப் போட்டுட்ட."

குழாயின் விலை 18 வெள்ளி.

அந்தப் பழைய சென்சார் நல்ல சென்சார். 'காற்று அதிகமாக வருகிறது' என்று தன் வேலையைச் சரியாகச் செய்தது. செய்தி சொன்னவனையே நான் வேலையை விட்டுத் தூக்கினேன். இதனால் ஸ்கேனர் காட்டும் குறிகளை இரண்டு வகையாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

முதல் வகை, சென்சாரின் சொந்தக் கோளாறைச் சொல்பவை. பி0135 என்றால் ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. பி0113 என்றால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. இங்கேயும் சென்சார்தான் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபியூஸ், பிளக், ஒயர் மூன்றையும் பார்த்த பிறகே சென்சாரைப் பாருங்கள். என் அக்காள் மகனுக்குப் பி0113 வந்தது. ஸ்கேனரில் காற்றின் வெப்பம் மைனஸ் 40 பாகை என்று காட்டியது. கிள்ளான் வெயிலில் மைனஸ் 40! முதல் நாள் ஏர் ஃபில்டரை மாற்றியவன், கழற்றிய பிளக்கைத் திரும்பச் செருக மறந்திருந்தான். செலவு ஒரு காசும் இல்லை.

இரண்டாம் வகை, சென்சார் கண்டதைச் சொல்பவை. பி0171 அந்த வகை. இதில் சென்சாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த வாசகருக்கும், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்லும் வரிசை இதுதான்.

ஒன்று: விளக்கை அழிப்பதற்கு முன் குறியைப் படம் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டுப் பட்டறைக்குப் போனால், அவர்களும் இருட்டில்தான் தேட வேண்டும்.

இரண்டு: எஞ்சின் நன்றாக ஆறியபின் பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். கழன்ற பிளக், எலி கடித்த ஒயர், வெடித்த ரப்பர் குழாய். நம் ஊர் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள்.

மூன்று: ஸ்கேனரில் 'ஃபியூல் ட்ரிம்' என்ற எண்ணைப் பாருங்கள். கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதை அது காட்டும். கூட்டலிலோ கழித்தலிலோ பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. குழாயை மாற்றுவதற்கு முன் என் காரில், நிற்கும்போது 24 இருந்தது. 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் 7க்கு இறங்கியது. இப்படி நிற்கும்போது அதிகமாகவும் சுற்று ஏறும்போது குறைவாகவும் இருந்தால், எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம். புதுக் குழாய் மாட்டியபின் 3. இந்த எண்கள் முதல் நாளே என் கைப்பேசியில் இருந்தன. நான்தான் பார்க்கவில்லை.

நான்கு: சுற்று ஏற ஏற அந்த எண்ணும் ஏறினால், காற்றின் அளவைக் கணக்கிடும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். பல கார்களில் இரண்டு திருகுதான். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பிளக்கின் கிளிப்பை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அதற்கென்றே விற்கும் ஏர்ஃப்ளோ சென்சார் கிளீனரை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனரும் பிரேக் கிளீனரும் வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடவே கூடாது. நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். சில கார்களில் இந்தச் சென்சாருக்குப் பதில் காற்றழுத்தச் சென்சார் இருக்கும். இல்லாததைத் தேடி அலைய வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் சென்சார்தான் என்று உறுதியானால், அப்போது வாங்குங்கள்.

ஸ்கேனர் வாங்குவோருக்கு இரண்டு சொல். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்குப் பொருந்தும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பல அதில் இணையாது. பழைய உள்நாட்டுக் கார்கள் சிலவற்றிலும் இவை வேலை செய்யாது. உங்கள் காரின் ஆண்டையும் மாடலையும் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட முடியாது. மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது என்று பொருள். தொடர்ந்து ஓட்டினால் விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பட்டறையைக் கூப்பிடுங்கள். எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடு ஆகியவற்றின் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அப்படியே. ஏர்பேக், பிரேக் பக்கம் கை வைக்க வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது. துருப்பிடித்து இறுகிய ஆக்சிஜன் சென்சாரை முரட்டுத்தனமாகத் திருகினால் மரை போய்விடும். கூலி கொடுத்துக் கழற்றுவதே மலிவு.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்றும் நினைக்காதீர்கள். என்னை ஏமாற்றியது நானேதான். குறியின் படத்தைக் காட்டி, "எதனால் சென்சார்னு முடிவு பண்ணீங்க அண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் காட்டிச் சொல்வார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தீபாவளிக்கு நாங்கள் தாப்பா ஓய்வுப் பகுதியில் தேநீர் குடிக்க மட்டும்தான் நின்றோம். விளக்கு எரியவில்லை. பழைய சென்சார் இன்னும் என் கருவிப் பெட்டியில் இருக்கிறது. அதை வீசிவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தவர் மனைவி.

அடுத்த வாரம் பேட்டரி. காலையில் ஸ்டார்ட் ஆகாத கார்களின் கதைகளை எழுதி அனுப்புங்கள்.