ஆறுதலும் தேறுதலும்

சத்திரசிகிச்சை முடிந்தவுடன் நோயும் முடிந்துவிடுகின்றது என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. வைத்தியர் வெட்டினார், தைத்தார், இனி நோயாளி செய்யவேண்டியது உண்பதும் உறங்குவதுமே என்று கருதுவோர் பலர். குடல்வால் அழற்சிக்கு இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தலாம். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு அது சிறிதும் பொருந்தாது. எனது வலது முழங்காலுக்கு அச்சிகிச்சை நடந்து ஐந்து மாதங்கள் கழிந்துள்ளன. இக்காலத்தில் என்னுள் உருவான சில கருத்துக்களை வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

தமிழிலே ஆறுதல், தேறுதல் என்னும் இரு சொற்களும் இணைபிரியாமல் வழங்குகின்றன. துக்க வீட்டுக்குச் செல்வோர் ஆறுதல் தேறுதல் கூறுகின்றனர். ஆயினும் இரண்டும் ஒரு பொருளன அல்ல. புண் ஆறும், காய்ச்சிய பால் ஆறும், சினம் ஆறும். இவை தாமே நிகழ்வன. நாம் வாளாவிருந்தாலும் ஆறுவது ஆறியே தீரும். தேறுதல் அப்படிப்பட்டதன்று. மாணவன் பரீட்சையிலே தேறுகின்றான். நோயாளி நோயினின்றும் தேறுகின்றான். இரண்டிற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தமை தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பொருத்தமாகவே படுகின்றது. படியாத மாணவன் காலம் சென்றதனால் மாத்திரம் தேறியதை முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழிலிலே நான் கண்டதில்லை. முழங்காலின் மேலுள்ள தையல் இரண்டு மூன்று கிழமைகளில் ஆறிவிடுகின்றது. முழங்கால் தேறுவதற்கோ மாதங்கள் செல்கின்றன. நம்மவர் தையலைப் பார்த்துவிட்டு முழங்காலை மறந்துவிடுகின்றனர். என் முறைப்பாடு இதுவே.

வைத்தியர் செய்வது யாதென்பதைச் சுருங்கக் கூறுதல் நன்று. பழைய மூட்டை அடியோடு பெயர்த்தெடுத்துவிட்டுப் புதியதொன்றைப் பூட்டுகின்றார்கள் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் தொடையென்பின் கீழ்முனையிலும் கணைக்கால் என்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கே சீவப்படுகின்றது. சீவிய முனைகளுக்கு உலோகக் கவசம் இடப்படுகின்றது. மேற்கவசம் பெரும்பாலும் கோபாற்று, குரோமியக் கலப்புலோகம். இரு கவசங்களுக்கும் இடையிலே, அழிந்துபோன குருத்தென்பின் தொழிலைச் செய்ய, வழுவழுப்பான பொலியெதிலீன் தட்டொன்று கிடக்கின்றது. கவசத்தை என்போடு பிணைக்கும் சாந்து, பொய்ப்பற்களுக்கு முரசு செய்யும் பொருளின் இனத்தைச் சேர்ந்தது. 1890 இல் பெர்லின் நகரத்து வைத்தியர் தெமிஸ்தோக்ளெஸ் குளூக் யானைத் தந்தத்தாற் செய்த முழங்காலை நோயாளிக்குப் பொருத்தினார். கிருமித்தொற்றினால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1960களிலே இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்றத்தில் ஜோன் சார்ண்லி கண்ட வெற்றி முழங்காலுக்கும் வழி திறந்தது. 1974 இல் நியூயோர்க்கிலே ஜோன் இன்சால் முதலியோர் வகுத்த மாதிரியே இன்று வழங்கும் மூட்டுக்களுக்கு முன்னோடி. இவற்றுள் நூற்றுக்கு 82 வரையானவை 25 ஆண்டுகள் நிலைக்கும் என 2019 இல் வெளியான பெரியதோர் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே உலோகத்தைப் பற்றி நாம் அதிகம் கவலையுற வேண்டியதில்லை. கவலைக்குரியது அதைச் சூழ்ந்த தசை.

முன்னாளிலே நோயாளரைப் பல நாட்கள் கட்டிலிற் கிடத்தி வைத்தனர். இன்று அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி, நடைச்சட்டத்தைப் பிடிக்கச் செய்து, நடக்கவும் வைத்துவிடுகின்றனர். இதனைக் கொடுமை என்று என் உறவினர் ஒருவர் வைத்தியசாலையிலேயே முழங்கினார். அசையாது கிடக்கும் காலின் நாளங்களிலே குருதி உறையும் என்பதும், அவ்வுறைகட்டி நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதும் அவருக்குத் தெரியா. மூட்டினுள்ளே வடு படர்ந்து இறுகுவதும், தொடையின் முற்புறத் தசை சில நாட்களிலேயே மெலிவதும் கண்ணுக்குப் புலப்படாத கேடுகள். மடங்க மறுக்கும் முழங்காலை, நோயாளியை மயக்கி, வைத்தியர் வலிந்து மடக்க வேண்டிய நிலையும் சிலருக்கு நேர்வதுண்டு.

மடங்குதல் என்பது அளந்து கூறக்கூடிய விடயம். சமதரையில் நடப்பதற்கு ஏறத்தாழ 70 பாகை போதும். மாடிப்படி ஏறி இறங்க 90 பாகைக்குக் குறையாமல் வேண்டும். தாழ்ந்த கதிரையிலிருந்து கைபிடியாது எழ 105 பாகையளவில் வேண்டும். குந்தியிருக்கவோ 130 பாகையும் போதாது. புதிய முழங்கால் பெரும்பாலும் 110, 120 பாகைகளோடு நின்றுவிடுகின்றது. ஆங்கிலேயர் ஒருவருக்கு இது முழு வெற்றி. அவருடைய வாழ்வு கதிரையிலே நடைபெறுவது. பாயிலே சப்பாணி கட்டியிருந்து உண்டு, தரையிலிருந்து தேவாரம் பாடி வளர்ந்த என் போன்றவனுக்கு அதே அளவு ஓர் இழப்பையும் கூடவே கொண்டுவருகின்றது. கோயில் மடத்திலே பந்தியில் அமர்ந்து உண்ணும் நாள் எனக்கு இனி இல்லை. இதனை முன்கூட்டியே நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல் வைத்தியரின் கடன் என்பது எனது துணிபு. குந்துவதற்கு இடமளிக்கும் மலசலகூடம் மட்டுமுள்ள வீட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புமுன், அவ்வீட்டைப் பற்றி ஒரு வினாவேனும் கேட்டல் வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டிலேதான் நடைபெறுகின்றது. அதற்குப் பெரும் இடையூறாய் நிற்பது பிறர் அலட்சியம் அன்று, அன்பே. நான் எழுந்தால் மூவர் ஓடிவந்தனர். "அண்ணை, நீங்கள் எழும்பாதேங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்று தங்கை தண்ணீர்ச் செம்போடு நின்றாள். முழங்காலின் கீழே மெத்தென்ற தலையணை ஒன்றை யாரோ வைத்தார்கள். எவ்வளவு இதமான தலையணை! அதனினும் தீயது வேறில்லை. வளைந்த நிலையிலே சுகங்காணும் கால் நிமிர மறந்துவிடும். முற்றும் நிமிராத கால் காலமெல்லாம் நொண்டும். தலையணை வைப்பதாயின் குதிக்காலின் கீழே வைக்கவேண்டும். அப்போது முழங்கால் தன் பாரத்தாலேயே தாழ்ந்து நிமிரும். அது நோகும். நோகுமிடத்தில் அன்பு பொறுத்திராது, தலையணையைத் திரும்பவும் இடம் மாற்றிவிடும். இந்தத் தலையணைப் போர் எங்கள் வீட்டில் ஒரு மாதம் நடந்தது.

வீட்டார்க்கு எதிராக என் பக்கம் நின்றவர் இயன்மருத்துவப் பெண்பிள்ளை ஒருவரே. வயது இருபத்தைந்து இருக்கும். கோணமானியைக் காலின் மேல் வைத்து, "எண்பத்தெட்டு, மாஸ்டர். போன கிழமையும் எண்பத்தெட்டுத்தான்" என்றார். புள்ளி குறைந்த மாணவனைப் பார்த்து நான் எத்தனையோ முறை கையாண்ட குரல் அது. "நோகத்தான் செய்யும் மாஸ்டர். நோகுமெண்டு குளிசையைப் போட்டிட்டு மடக்குங்கோ. குளிசையைப் போட்டிட்டுப் படுக்காதேங்கோ." ஒரு பாடநூலின் அதிகாரம் முழுவதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கியிருக்கின்றது. மாடிப்படிக்கும் அவர் ஒரு சூத்திரம் தந்தார்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோயுற்ற கால் முன்னே. ஆறாம் கிழமையில் 104 பாகை வந்தது. ஆசனத்தை உயர்த்திவிட்டு, முற்றத்திலே தாங்கியில் நிறுத்திய துவிச்சக்கர வண்டியில் ஏறிப் பெடலை முன்னும் பின்னுமாக ஆட்டினேன். ஒரு நாள் அது முழுச் சுற்றுச் சுற்றியது.

எல்லாம் இனிது முடிந்தது என்று எழுதிவிட நான் விரும்பவில்லை. முதல் இரண்டு மாதங்களிலும் இரவுகள் மிக நீண்டவை. வலியைவிட உறக்கமின்மையே மனத்தைத் தளர்த்தியது. வடுவின் வெளிப்புறத்திலே உள்ளங்கையளவு தோல் இன்றும் மரத்துக் கிடக்கின்றது. கத்தி செல்லும் வழியிலே சிறு நரம்பொன்று அறுபடுவதால் விளைவது அது. மாலையிலே மூட்டு வெதுவெதுப்பாகி வீங்குகின்றது. இச்சிகிச்சை பெற்றோரில் ஐவருக்கு ஒருவர் வரை பயனில் நிறைவு கொள்வதில்லை என்று மேனாட்டு வைத்தியர்களே ஒப்புக்கொள்கின்றனர். அண்டைவீட்டான் ஓடித்திரிகின்றான் என்ற செய்தியை மட்டும் கேட்டுவிட்டுச் செல்வோர் இதனையும் கேட்டுச் செல்லல் நன்று.

எழுத்தாளருக்கும் ஒரு வார்த்தை. நம் சிறுகதைகளிலே வைத்தியசாலை நிறைய வருகின்றது. நோயாளி கண்ணை மூடுவதோடு கதை முடிகின்றது. அல்லது கண்ணைத் திறப்பதோடு முடிகின்றது. திறந்த கண் மறுநாளும் அதன் மறுநாளும் என்ன கண்டது என்று எழுதுவார் அரியர். தேறுகின்ற காலத்திலே நிகழ்ச்சி இல்லை என்பார்கள். எண்பத்தெட்டுத் தொண்ணூறு ஆவது நிகழ்ச்சி அன்றா? மண்வாசனை பற்றி ஓயாது பேசும் நண்பர்கள், அந்த மண்ணிலே ஒரு முதியவர் தாமாக எழுந்து கிணற்றடி வரை செல்வதைப் பத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

நாட்டின் கடமையும் ஒன்றுண்டு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையருள் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபது வயதை எட்டியிருந்தனர். அத்தொகை வளர்ந்துகொண்டே செல்கின்றது. இயலாமையுடையோர் உரிமைகளுக்காக 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக்கட்டடங்களில் அவர்கள் இடரின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சட்டம் வந்த வேகத்திலே கைப்பிடி வரவில்லை. அண்மையில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு என்னை அழைத்திருந்தனர். மேடைக்கு ஏழு படிகள். பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் இல்லை. இரு மாணவர் என்னைத் தூக்கி ஏற்ற முன்வந்தனர். நான் கீழே நின்றே பேசினேன். ஒரு குழாயும் நாலு ஆணியும் போதுமான இடத்தில் நாம் இளைஞரின் தோள்களை நம்பியிருக்கின்றோம்.

முழங்கால் தேய்வு ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களைவிடப் பெண்களையே கூடுதலாக வருத்துகின்றது. ஆயினும் இயன்மருத்துவக் கூடத்திலே என்னோடு காத்திருந்தவர்களில் ஆண்களே அதிகம். காரணம் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கையிலே ஓர் அம்மையார் இருக்கின்றார். இரு முழங்கால்களும் வில்போல் வளைந்துவிட்டன. சிகிச்சைக்கு வைத்தியர் நாள் குறித்து இரண்டு முறை தவறிவிட்டது. சென்ற கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் விசாரிக்க வந்தார். வலியைப் பற்றி அவர் கேட்கவில்லை. செலவைப் பற்றியும் கேட்கவில்லை. "எத்தினை நாளைக்கு, தம்பி, நான் திருவலையிலை இருக்கேலாது?" என்றார். திருவலையில் இனி எந்நாளும் இருக்கவியலாது. மேசையிற் பூட்டும் துருவி வாங்கவேண்டும். முதல் ஆறு கிழமையும் அடுப்படியை வேறொருவர் பார்த்தேயாக வேண்டும் என்றேன். அம்மையார் மகனைப் பார்த்தார். மகன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.