சின்னக் கடன், பெரிய பூட்டு

"தங்கச்சி, என்ட பேரு கிரிப்ல விழுந்திருக்காம். அப்படியெண்டா என்ன? பொலிசா?"

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் என் வீட்டு வாசலில் நின்றபடி ஒரு ராத்தா இப்படிக் கேட்டார். மருதமுனையைச் சேர்ந்தவர். கணவர் வபாத்தான பிறகு இரண்டு கைத்தறிகளை வைத்துச் சாரமும் சாரியும் நெய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மகளுக்கென்று இன்னொரு தறி போடவும் நூல் வாங்கவும் வங்கியில் மூன்று இலட்சம் ரூபாய் சுயதொழில் கடன் கேட்டிருக்கிறார். கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல எனக்குத்தான் தலை குனிந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சகோதரிகளே, சுனாமிக்குப் பிறகு நமது கரையோர ஊர்களுக்கு லோன் கம்பனிகள் எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். சொத்து வேண்டாம், ஐந்து பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்றார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் சென்டர் கூடும். இந்த ராத்தாவும் 2018 பெப்ரவரியில் அப்படி 50,000 ரூபாய் எடுத்தார். வாரம் 1,300 ரூபாய் வீதம் 52 வாரங்கள். 30 வாரங்கள் ஒழுங்காகக் கட்டினார். அதன் பிறகு நிறுத்திவிட்டார்.

ஏன் நிறுத்தினார்? அந்த ஆண்டில் அரசாங்கம் பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. "லோன் எல்லாம் வெட்டியாச்சாம்" என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. ஆனால் அந்த அறிவிப்புக்கு எல்லை இருந்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், 100,000 ரூபாய்க்கு உட்பட்ட கடன் எடுத்து, 2018 ஜூன் 30 ஆம் திகதியன்று மூன்று மாதங்களுக்கு மேல் கட்டாமல் இருந்த பெண்களுக்கே அந்தச் சலுகை. ஒழுங்காகக் கட்டி வந்த நமது ராத்தா அதில் அடங்கவில்லை.

அந்த நாட்களில் அவர் என்னிடமும் வந்து கேட்டிருந்தார். அப்போது நான் சமூகவியல் பட்டத்தோடு புதிதாக வேலைக்கு வந்தவள். அறிவித்தலை முழுதாக வாசிக்காமல், "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க ராத்தா" என்று சொன்னேன். அவர் பொறுத்தார். ஏழு வருடங்கள் ஓடிவிட்டன. என் தலை குனிந்ததற்குக் காரணம் இதுதான்.

இனி கிரிப் என்றால் என்னவென்று பார்ப்போம். அது பொலிசுமல்ல, நீதிமன்றமுமல்ல. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் அது. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'கிரிப்' என்கிறோம். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், அவர் எப்படிக் கட்டுகிறார் என்ற விபரத்தை அங்கே அனுப்புகின்றன. நல்லபடியாகக் கட்டுவோரின் பெயரும் அங்கே இருக்கும். ஆகவே 'பெயர் விழுவது' என்ற பேச்சே பிழையானது. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது கிரிப் அல்ல. அந்த அறிக்கையைப் பார்க்கும் வங்கிதான்.

அந்த அறிக்கையை நாமும் எடுக்கலாம். அடையாள அட்டையோடு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தினால் கிடைக்கும். இணையத்திலும் வசதி உண்டு. ராத்தாவின் அறிக்கை வந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அதில் இரண்டு நிலுவைகள் இருந்தன! ஒன்று அவருடையது. மற்றது அதே சென்டரில் இருந்த பக்கத்து வீட்டுச் சகோதரியின் கடன். அதற்கு நமது ராத்தா பிணையாளி. "கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சேன்" என்றார். பிணை என்பது சாட்சி அல்ல. கடன்காரர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற வாக்கு அது.

அந்தச் சகோதரியிடம் போனோம். "அல்லாஹ்வே! நான் 2020 லயே கட்டி முடிச்சிட்டேனே" என்று பதறியவர், அலுமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய மைலோ டின்னை இறக்கினார். எல்லாப் பற்றுச்சீட்டுகளும் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. கம்பனிதான் கணக்கை முடித்ததாகக் கிரிப்புக்கு அறிவிக்கவில்லை. பற்றுச்சீட்டுகளின் பிரதிகளோடு கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். அந்தப் பதிவு திருத்தப்பட்டது. அந்த டின் இல்லாவிட்டால் இரண்டு பெண்களின் பெயரும் இன்னும் அப்படியேதான் கிடந்திருக்கும்.

மிஞ்சியது ராத்தாவின் சொந்தக் கடன். கட்ட வேண்டிய 22 தவணைகள் 28,600 ரூபாய். தண்டவட்டியும் சேர்த்து 61,000 கேட்டார்கள். இந்த இடத்தில்தான் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்ல வந்தார்கள்.

முதலாவது ஆள் ஒரு தரகர். "25,000 தாங்க, கிரிப்ல இருந்து பேரை அழிச்சித் தாறேன்" என்றாராம். சகோதரிகளே, இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிழையான பதிவைத் திருத்தலாம். உண்மையான பதிவைக் காசு கொடுத்து அழிக்க யாராலும் ஏலாது.

இரண்டாவது யோசனை அவரது உறவுக்காரர் ஒருவருடையது. "ஆறு வருஷம் முடிஞ்சிட்டு, இனிக் கேஸ் போட ஏலா, கட்டாதீங்க." இதில் உண்மை உண்டு. காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்திலுள்ள கடனுக்கு வழக்குத் தொடரப் பொதுவாக ஆறு வருடமும், வாய்மொழிக் கடனுக்கு மூன்று வருடமும்தான் உண்டு. ஆனால் இடையில் ஒரு சிறு தொகையைக் கட்டினாலோ, கடனை ஏற்றுக் கையெழுத்து வைத்தாலோ கணக்குப் புதிதாகத் தொடங்கிவிடும். ஆகவே பழைய கடனைக் கேட்டு வருபவரிடம் பயத்தில் ஐந்நூறு ரூபாயை நீட்டுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தருகிறது.

இதையெல்லாம் ராத்தாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஒரு முறை அரைகுறையாகச் சொன்ன பாவம் போதும் என்று நினைத்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "கேஸ் போட ஏலாமப் போகலாம் தங்கச்சி. நாளைக்கு என்ட ஜனாஸாவ வச்சிக்கிட்டு, இவங்க ஆருக்கும் கடன் குடுக்கணுமா எண்டு கேட்பாங்களே, அப்ப என்ட மகன் என்ன செல்லுவான்? வாங்கின காச நான் குடுப்பேன். அந்தத் தண்டத்தத்தான் ஏலா."

அதையே கடிதமாக எழுதினோம். ஒரு சட்டத்தரணியிடம் காட்டிய பிறகு அனுப்பினோம். தண்டவட்டியை நீக்கினால் மீதியைக் கட்டத் தயார், முடித்ததும் கடன் தீர்ந்ததற்கான கடிதம் தர வேண்டும், கிரிப்புக்கும் அறிவிக்க வேண்டும் என்று கேட்டோம். இரண்டு முறை மறுத்தார்கள். மூன்றாம் முறை 32,000 ரூபாய்க்குச் சம்மதித்தார்கள். அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகுதான் முதல் காசு கட்டினோம். மாதம் 8,000 வீதம் நான்கு மாதங்கள், அலுவலகத்தில் நேரே கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்தோம். வாசலுக்கு வந்தவரின் கையில் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

இடையில் ஒருவர் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து, "பொலிசில குடுப்பன்" என்று சத்தம் போட்டாராம். கடன் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல; அது சிவில் விவகாரம். வசூலிக்க வருபவர் துன்புறுத்தக் கூடாது என்பது மத்திய வங்கி 2023 இல் வெளியிட்ட நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளிலும் உண்டு. இப்படி நடந்தால் திகதி, நேரம், வந்தவரின் பெயர் மூன்றையும் கொப்பியில் குறித்து முதலில் கம்பனிக்கு எழுதுங்கள். பதில் இல்லையேல் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். மத்தியஸ்த சபையிலிருந்து கடிதம் வந்தால் பயந்து ஒளிக்க வேண்டாம். தண்டனை கொடுக்கும் இடமல்ல அது, பேசித் தீர்க்கும் இடம். போய் உங்களால் மாதம் எவ்வளவு முடியும் என்று சொல்லுங்கள்.

கடன் முடிந்தது. புதிய அறிக்கையில் 'தீர்க்கப்பட்டது' என்று மாறியிருந்தது. பழைய தாமதத்தின் தடம் உடனே மறையவில்லை. வங்கி மூன்று இலட்சம் கொடுக்கவில்லை. ஒரு இலட்சம் கொடுத்தது. அதற்குள் ராத்தா மாதாமாதம் சாரி விற்ற காசைத் தன் சேமிப்புக் கணக்கில் போட்டு எடுத்து வந்தார். வங்கி முகாமையாளர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் சம்மதித்தார். இப்போது தவணைக்கு இரண்டு நாள் முந்தியே கட்டிவிடுகிறார். உடைந்த பெயர் இப்படித்தான் மெல்ல மெல்ல ஒட்டும்.

கடனை எழுதி வைக்கும்படி நமது மார்க்கம் சொல்லியிருக்கிறது. நாமோ தாளை வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறோம், பற்றுச்சீட்டில் வடை சுற்றுகிறோம். இன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். எங்கே கடன் எடுத்தோம், யாருக்குப் பிணை நின்றோம், எது முடிந்தது, எதற்குத் தாள் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தாள்களை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். அறிவித்தல் ஏதும் வந்தால், பக்கத்து வீட்டில் கேட்பதற்கு முன், என்னைப் போன்றவர்களிடம் கேட்பதற்கும் முன், முழுவதையும் வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது தறி இப்போது ஓடுகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் சத்தம் கேட்கும். எனக்கு அந்த 2018 ஞாபகம் வரும்.