பையின் நிறத்தை விடுங்கள், சக்கரத்தைப் பாருங்கள்

வார இறுதிக் காலையில் எம்ஆர்டி ரயிலில் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தோளில் கனமான பை தொங்கும். அந்தத் தோள் தாழ்ந்து, உடல் மறுபக்கம் சாய்ந்திருக்கும். போலிங்கை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்துக்கொண்ட மாணவர்கள் அவர்கள். ஒருவேளை அது நீங்களாகவும் இருக்கலாம்.

போலிங் பந்தின் எடைக்கு விதிகள் அனுமதிக்கும் உச்ச வரம்பு 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.26 கிலோகிராம். நீங்கள் அதைவிடக் குறைந்த, 14 பவுண்டு எடையுள்ள பந்துகள் இரண்டை எடுத்துச் சென்றாலும் 12.7 கிலோ ஆகிவிடும். காலணி, துண்டு, பையின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் 18 கிலோவை நெருங்கலாம். வளரும் உடலின் ஒரு தோளில் தொங்கவிடக்கூடிய பாரமா இது? உருட்டுப்பை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த உருட்டுப்பை என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நிறத்தையும் சின்னத்தையும் பைகளின் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். நீங்கள் அறிவியல் பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முதலில் கைப்பிடி. சக்கரம் வைத்த பெட்டி மிகப் பழைய பொருளன்று. அமெரிக்கரான பெர்னார்ட் சேடோ, பெட்டியின் அடியில் நான்கு சக்கரங்களைப் பொருத்தி வாரால் இழுக்கும் முறைக்கு 1972ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1987ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி, இரண்டே சக்கரங்களும் நீளும் கைப்பிடியும் வைத்தார். சாய்த்து இழுக்கும்போது பெட்டி முழுவதும் ஒரு நெம்புகோல் ஆகிறது. சக்கரத்தின் அச்சுதான் ஆதாரப்புள்ளி. பளு நடுவில், உங்கள் கை மறுமுனையில்.

கணக்கு எளிதாக இருக்க, மொத்த எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்திலும் கைப்பிடி 100 சென்டிமீட்டர் தூரத்திலும் இருந்தால், உங்கள் கை தாங்குவது ஏறக்குறைய 6 கிலோ. கைப்பிடி 75 சென்டிமீட்டர்தான் நீளும் என்றால் அது 8 கிலோ ஆகிவிடும். நீண்ட கைப்பிடி இருந்து, பந்துகள் சக்கரத்துக்கு அருகில் தாழ்வாக அமர்ந்து, ஈர்ப்பு மையம் 20 சென்டிமீட்டருக்கு இறங்கினால் 4 கிலோதான். அதே பந்துகள், அதே எடை. ஒரு பையில் கைக்கு 8 கிலோ, இன்னொன்றில் 4 கிலோ.

அடுத்தது சக்கரம். கடையின் பளபளப்பான தரையில் எல்லாச் சக்கரமும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் போவதோ நடைபாதை இடுக்குகள், வடிகால் மூடிகள், புளோக்கின் கீழ்த்தள விளிம்புகள் வழியாக. ஒரு சென்டிமீட்டர் உயர விளிம்பில், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தைக் கிடைமட்டமாக இழுத்து ஏற்ற, அந்தச் சக்கரத்தின் மீதுள்ள பளுவைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு விசை வேண்டும். விட்டம் 12.5 சென்டிமீட்டர் என்றால் 0.65 மடங்கு போதும். பாதிக்கும் குறைவு! ஆகவே பெரிய சக்கரத்துக்கே என் முதல் ஓட்டு. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே அகலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அகலம் குறைந்த பை, திரும்பும்போது எளிதில் கவிழும்.

நம் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மறக்கக்கூடாது. அலமாரியில் சும்மா இருந்த காலணியின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? சில வகைப் பாலியூரித்தேன் ஈரத்தோடு வினைபுரிந்து சிதைவதால்தான் அப்படி ஆகிறது. பல பைகளின் சக்கரங்களும் பாலியூரித்தேன்தான். எனவே திருகைக் கழற்றிச் சக்கரத்தை மாற்ற முடிகிற பையே நல்லது. காலணிக்குத் தனி அறையும் அவசியம். போலிங் காலணியின் வழுக்கும் அடிப்பாகம் ஈரமானால், பந்தை வீசும் நேரத்தில் கால் வழுக்காமல் சட்டென்று நின்று உங்களைத் தடுமாற வைக்கும்.

“மூன்று பந்துப் பையாக வாங்கிவிட்டால் பிறகு கவலையில்லை” என்று பெற்றோர் சொல்வதுண்டு. அது சிக்கனமான யோசனைதான். ஆனால் காலி இடம் காலியாக இருப்பதில்லை. மூன்றாவது பந்து வந்துவிடும், இன்னும் 6 கிலோ ஏறிவிடும். படிக்கட்டில் சக்கரம் எந்த உதவியும் செய்யாது. முழு எடையையும் நீங்கள்தான் தூக்க வேண்டும். எல்லாக் கம்பையும் வீழ்த்த ஒரு பந்து, மிச்சத்தை வீழ்த்த ஒரு பந்து. பள்ளி அளவில் பெரும்பாலோருக்கு இரண்டு போதும் என்பது என் கருத்து. மூன்றாவது பந்து தேவைப்படும் நிலைக்கு நீங்கள் உயரும்போது உங்கள் உடலும் வளர்ந்திருக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பந்துகளையும், பயணப்பெட்டியை நிறுக்கும் சிறு தராசையும் எடுத்துச் செல்லுங்கள். பந்துகளைப் பைக்குள் வையுங்கள். கைப்பிடியை முழுவதும் நீட்டி, நீங்கள் வழக்கமாக நடக்கும் சாய்வில் தராசை மாட்டி எடையைப் படியுங்கள். வாசல் விளிம்பில் ஏற்றி இறக்குங்கள். கைப்பிடி வளைகிறதா, ஆடுகிறதா என்று கவனியுங்கள். இதையே இரண்டு, மூன்று பைகளில் செய்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சற்று வியப்பாகப் பார்க்கலாம். பரவாயில்லை.

விலை அதிகமான பை தோற்றுப்போகவும் கூடும். அப்போது அப்பா அம்மாவிடம் “இதுதான் வேண்டும்” என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. குறித்துவைத்த எண்களைக் காட்டினால் போதும்.