மின்னல் செய்தி வயலுக்கு வர வேண்டும்!

பொதிகை மலையில் மேகம் கறுக்கிறது. அம்பாசமுத்திரம் வயலில் பெண்கள் நாற்று நடுகிறார்கள்.

"இன்னும் நாலு முடி நாத்துதான மதினி! நட்டுட்டே போயிருவோம்" என்கிறாள் ஒருத்தி.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். வயலிலும் வெட்டவெளியிலும் பாடுபடுகிறவர்களே இதற்கு அதிகம் பலியாகிறார்கள்.

மின்னல் எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. மின்னும்போது ரேடியோ "கரகர" என்று இரைகிறது அல்லவா? மின்னலில் இருந்து புறப்படும் ரேடியோ அலைதான் அதற்குக் காரணம். அந்த அலை, பல ஊர்களில் உள்ள கருவிகளுக்கு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். அந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டால், மின்னிய இடம் தெரிந்துவிடும்!

புனாவில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம், இத்தகைய கருவிகளை நாடெங்கும் 80-க்கு மேல் வைத்திருக்கிறது. "தாமினி" என்ற செயலியையும் உருவாக்கி இருக்கிறது. 20, 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் மின்னல் வெட்டினால், அது செல்போனில் எச்சரிக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், சேற்றில் நிற்பவள் கையில் செல்போன் ஏது? அது வரப்பில், தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். செல்போனே இல்லாதவர்களும் உண்டு.

ஆகவே, எச்சரிக்கை வந்ததும் ஊராட்சி ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். கோவில், சர்ச், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் உதவலாம். கேட்டவர்கள் பனைமரத்தடிக்கு ஓடக்கூடாது. வீட்டுக்குள் போய்விட வேண்டும். கரையேறியவர்களின் கூலியை வயல்காரர் பிடிக்கக்கூடாது.

நாற்றை நாளைக்கு நடலாம். போன உயிர் திரும்பி வருமா?