எண்ணெய் பார்த்தல் யார் கடன்?

விளக்கோடு எண்ணெயும் கொண்டு சென்ற கன்னியர் ஐவரையும், எண்ணெயை மறந்து சென்ற கன்னியர் ஐவரையும் பற்றிய உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் கேளாத மாணவர் இலர். ஆயினும், அச்சிற்றாலயத்தின் வெளியே நிற்கும் நம் மோட்டார் சைக்கிள்களில் என்ஜின் ஆயில் எவ்வளவு உள்ளதென வினவினால், விடை கூற வல்லார் நம்முள் எத்தனை பேர்? பெட்ரோலின் அளவை நாள்தோறும் நோக்குகின்றோம். ஆயிலையோ மெக்கானிக்கின் பொறுப்பென விட்டுவிடுகின்றோம். இது பெரும் பிழை என்பதே என் துணிபு.

பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும்; அவ்வளவே. ஆயில் தீர்ந்தாலோ கேடு பெரிது. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் இவ்வெண்ணெய் உலோக உறுப்புக்களுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று உராய்வைத் தணிக்கின்றது, வெப்பத்தை அகற்றுகின்றது, கரியையும் துகளையும் தன்னுள் ஏற்கின்றது. அப்படலம் அற்றால், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது இங்ஙனம் நேரின், பின்சக்கரம் பூட்டியதுபோல் நின்று உயிருக்கே இடர் விளையக்கூடும். 100 சி.சி. வண்டிகள் பல கொள்ளும் ஆயில் ஏறத்தாழ 1 லிட்டரே. பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் வாங்கிய வண்டி, இவ்வொரு லிட்டரைக் கவனியாமையால் அழிவது தகுமோ?

“மெக்கானிக் இதற்கன்றோ இருக்கின்றார்?” என்பர் சிலர். அவர் நம் வண்டியைக் காண்பது சில மாதங்களுக்கு ஒருமுறை. இடையே ஆயில் எரிந்தும் கசிந்தும் குறைவதை அவர் எங்ஙனம் அறிவார்?

சோதித்தல் அரிய வித்தையன்று. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டிட்டு நிறுத்துக. என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் சில நிமிடம் பொறுத்திடுக. பின்னர் அளவுகோலைத் துடைத்து, மீண்டும் இட்டு எடுத்து நோக்குக. அதனைத் திருகிப் பார்ப்பதோ, திருகாது பார்ப்பதோ வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலின், கையேட்டைக் காண்க. மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே எண்ணெய் நிற்றல் வேண்டும். குறையின் சிறிது சிறிதாய் ஊற்றுக. மேற்கோட்டைக் கடத்தலும் கேடே. கறுத்த நிறம் கண்டு மட்டும் அஞ்சற்க. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்ததென ஐயுறுக. மோட்டார் சைக்கிள் பலவற்றில் கிளட்சும் இவ்வெண்ணெயிலேயே தோய்ந்திருப்பதால், காருக்குரியதை ஊற்றின் கிளட்ச் வழுக்கக்கூடும். கையேடு குறிக்கும் தரமே நன்று.

குறைந்ததை நிரப்புதல் மாற்றுதலுக்கு ஈடாகாது. நாட்பட்ட எண்ணெய் அழுக்கேறித் தன் ஆற்றல் இழக்குமாதலின், குறித்த தூரத்தில் முற்றும் மாற்றுதல் வேண்டும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டுதல் பிறர் குடிநீரைக் கெடுப்பதாகும். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் அதனை அபாயகரக் கழிவெனக் கொள்கின்றன. அதனை முறையாகச் சேகரித்து, மறுசுத்திகரிப்போரிடம் அனுப்பும் பட்டறையிலேயே ஒப்படைத்தல் நலம்.

கற்றவன் கையில் கறை படியலாகாது என்னும் வீண் எண்ணமே நம்மைத் தடுக்கின்றது. பருவந்தோறும் ஒரு சனிக்கிழமை, விடுதி முற்றத்தில் மாணவர் அனைவர்க்கும் இத்தொழிலைப் பயிற்றக் கல்லூரித் தலைவர்கள் மனங்கொள்வாராக. அதுவரை, நண்பர்காள், நாளைக் காலை ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு நும் வண்டியருகே செல்லுமின்!