ஒப்பாரிக்கு ஒலிபெருக்கி இல்லை

அம்பத்தூரிலோ ஆவடியிலோ சாவு விழுந்த ஒரு தெருவில் இரவு முழுக்க இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். வீட்டுக்குள், கிடத்தப்பட்ட உடலைச் சுற்றி, பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். வெளியே, சாமியானாப் பந்தலின் கீழ், டோலக்கும் சட்டியும் கீபோர்டுமாக ஆண்கள் சிலர் அமர்ந்து கானா பாடுவார்கள். இரு தரப்பும் பாடுவது ஒரே சாவைத்தான். ஆனால் மைக் பந்தலில்தான் இருக்கும். உள்ளே எழும் குரல் நடை வாசலைத் தாண்டாது. வெளியே எழும் குரல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் கேட்கும். இதைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு இந்த ஏற்பாட்டில் ஏதோ பொருந்தவில்லை என்று உறைப்பதற்கு இலண்டனிலிருந்து ஒரு பெண் கத்த வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் வெட்கம்.

நாங்கள் பாடியிலிருந்து பூந்தமல்லி வரை சிதறிக் கிடக்கும் சில நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிச் சிற்றிதழ்களையும் சினிமாவையும் பேசிக் கலைபவர்கள். எங்களில் ஒருவர் அரக்கோணம் மார்க்கத்து மின்ரயிலில் வரும்போது கேட்டுக்கொண்டு வந்த பாடலை மற்றவர் காதில் திணித்ததில்தான் பங்க் இசையின் பெண்கள் எங்களுக்கு அறிமுகமானார்கள்.

முதலில் வந்தவர் பாலி ஸ்டைரீன். சோமாலியத் தந்தைக்கும் வெள்ளைக்காரத் தாய்க்கும் 1957-இல் பிறந்து, இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் வளர்ந்தவர். 1976-இல், தம் பத்தொன்பதாவது பிறந்த நாளன்று, கடலோர நகரம் ஒன்றில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற குழு பிறந்தது. 1977-இல் முதல் இசைத்தட்டு, 1978-இல் முதல் தொகுப்பு. பல்லில் கம்பி கட்டியிருந்த அந்தப் பெண் அதை மறைக்கவில்லை. குரலையும் மறைக்கவில்லை. பெண் என்றால் குழைய வேண்டும் என்கிற எதிர்பார்ப்பை அந்தக் குரல் முதல் நொடியிலேயே கிழித்துவிடுகிறது. பின்னால் வரும் சாக்ஸபோன் அக்கிழிசலைத் தைக்காமல் இன்னும் அகலமாக்குகிறது.

அவரைத் தொடர்ந்து மற்றவர்களைத் தேடிப் போனோம். ஸ்லிட்ஸ் குழு 1976-இல் தொடங்கியபோது அதன் பாடகி ஆரி அப்புக்கு வயது பதினான்கு. 1979-இல் வந்த அவர்களது முதல் தொகுப்பில் பங்க் இசையின் வேகம் ஜமைக்காவின் ரெக்கே தாளத்துக்குள் தடுமாறி நடக்கிறது. அந்தத் தடுமாற்றமே அதன் அழகு. 1990-இல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் உருவான பிகினி கில் குழுவின் காத்லீன் ஹன்னா, கூட்டத்திலிருந்த பெண்களை மேடைக்கு அருகே வரச் சொன்னார். ஆண்கள் பின்னால் நகர வேண்டியிருந்தது. கூட்டத்துப் பெண்களிடம் மைக்கையே நீட்டிய இரவுகளும் உண்டு. எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். பங்க் என்பது கிதாரின் இரைச்சல் என்று எண்ணியிருந்தோம். மைக் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி என்பது அப்போது புரிந்தது. தேர்ச்சி பெற்றுவிட்டு மேடையேறு என்ற விதியை அது மறுத்தது. தேர்ச்சியை அளக்கும் கோலை யார் செய்தார்கள் என்று திருப்பிக் கேட்டது.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே திரும்பினால் என்ன கிடைக்கும்?

முதலில் கிடைப்பது எல்.ஆர். ஈஸ்வரி. ஆடி மாதத்தில் திருவேற்காட்டுக்குப் போகும் சாலைகளில் எங்கு நின்றாலும் அவரது குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் கருமாரியம்மனுக்கும் மாரியம்மனுக்கும் பாடியவை, அம்மனின் குரலாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டன. அதே தொண்டையைத் தமிழ்த் திரையுலகம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எங்கே வைத்திருந்தது? பெரும்பாலும் கிளப் நடனக்காரிக்குக் கொடுத்தது. நாயகிக்குத் தேன் குரல். மதுக்கோப்பை ஏந்தியவளுக்கு ஈஸ்வரியின் குரல். ஆக, பெண்ணின் திறந்த தொண்டைக்குத் தமிழ்ச்சூழல் மூன்று இடங்களில் அனுமதி அளித்திருக்கிறது: மதுக்கூடம், அம்மன் கோயில், சாவு வீடு. கெட்டவளாகவோ, தெய்வமாகவோ, துக்கம் கொண்டவளாகவோ இருந்தால் அவள் கத்தலாம். சாதாரணப் பெண்ணாக, சாதாரண நாளில், தன் கருத்தைச் சொல்வதற்காக அவள் குரலை உயர்த்த இடமில்லை.

இந்த வேலியைத் தாண்டியவர்கள் முன்பும் இருந்தார்கள். நாடக மேடையில் ஒலிபெருக்கியின் துணையில்லாமலே கடைசி வரிசையை எட்டிய கே.பி. சுந்தராம்பாள், 1935-இல் வெளிவந்த திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். தேசிய இயக்க மேடைகளில் பாடியவர், பின்னர் சட்ட மேலவைக்கும் சென்றார். அவரை நாம் 'கணீர்க் குரல்' என்று போற்றி ஔவையார் வேடத்தில் உட்கார வைத்துவிட்டோம். ஆண் பாத்திரத்தைத் தன் தொண்டையால் நிறைத்த அந்தத் துணிச்சலை எவ்வளவு பேசினோம்?

அடுத்து, எங்கள் காலத்துக்கு வருவோம். 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். பத்தொன்பது பேர் கொண்ட அக்குழுவில் ஒரே ஒரு பெண். வடசென்னையின் இராயபுரத்திலிருந்து வந்த இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் ஒரு பெண் முன்வரிசையில் நின்று பாடினார். 2020-இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

இங்கே ஒரு தன்விசாரணை தேவைப்படுகிறது. எங்கள் கூட்டத்தில் பாலி ஸ்டைரீனைப் பேசியபோது என்ன பேசினோம் என்று நினைவுகூர்ந்து பார்த்தோம். குரலின் தன்மை, தாளத்தை முந்திக்கொண்டு அது பாயும் விதம், சாக்ஸபோனோடு அதன் உறவு. இசைவாணியைப் பேசியபோது? அவர் பிறந்த பகுதி, சாதி, வறுமை, 'விளிம்புநிலைக் கதையாடல்'. ஒருவரைக் கலைஞராகக் கேட்டோம். மற்றவரை ஆவணமாக வாசித்தோம். பின்னணி பேசப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பின்னணியை மட்டுமே பேசுவது, மரியாதையின் உடையணிந்து வரும் ஒரு வகைப் புறக்கணிப்பு. சிற்றிதழ் வாசகர்களாகிய நம்மிடம் இந்த நோய் சற்று அதிகம் என்றே நினைக்கிறோம்.

கானாவின் தொடக்கத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். தாளம் வருமுன், குரல் மட்டும் தனியே எழுந்து ஓர் உயிரெழுத்தை இழுத்துக்கொண்டு போகும். எப்போது இறங்கும் என்று கேட்பவருக்குத் தெரியாது. பிறகு சட்டி விழும்; குரல் அதன்மேல் உட்காரும். அந்த இழுப்பு ஒப்பாரியின் இழுப்பேதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சாவு வீட்டின் உள்ளறையில் பெண்கள் காத்துவந்த ஒன்று, பந்தலில் ஆண்களின் மைக்குக்கு வந்து, அங்கிருந்து இசைவாணியின் வழியாகப் பெண்ணிடம் திரும்புகிறது. இதைக் கேட்பதற்குச் சமூகவியல் மட்டும் போதாது. காது வேண்டும்.

மேடையில் ஒரே ஒரு பெண் என்பது விதிவிலக்குதானே என்று கேட்கலாம். அப்படியானால் திண்டுக்கல்லுக்குப் போவோம். சகோதரி சந்திராவும் தோழியரும் அங்கே உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் பறையை எடுத்து அடிப்பவர்கள் தலித் பெண்கள். பல ஆண்டுகளாக இளம்பெண்களுக்குப் பறை கற்பித்து, மேடையேற்றி வந்திருக்கிறார்கள். அமெரிக்க இசையியலாளர் ஜோ ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். பறை என்ற சொல்லுக்குச் 'சொல்' என்றே பொருள். சொல்லும் கருவியைச் சாவுக்கு மட்டும் அடிக்கச் சொல்லி ஒரு சமூகத்தின் தலையில் கட்டியது சாதி. அச்சமூகத்துக்குள்ளும் அது ஆணின் தோளில்தான் தொங்கியது. ஆகவே ஒரு தலித் பெண் பறையைத் தோளில் மாட்டும்போது இரண்டு தடைகள் ஒரே அடியில் உடைகின்றன. இலண்டன் பெண்கள் கிதாரைக் கையிலெடுத்தபோது கேலியைச் சந்தித்தார்கள். கிதாரைத் தொட்டதால் தீட்டு என்று அவர்களை யாரும் ஒதுக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒப்பிட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

கடல் கடந்த தமிழர்களிடையே மாதங்கி அருள்பிரகாசம் இருக்கிறார். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். 1975-இல் இலண்டனில் பிறந்து, ஈழத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, இடையில் சென்னையிலும் தங்கி, 1986-இல் அகதியாக இலண்டன் திரும்பியவர். பெண் தலைமையேற்ற எலாஸ்டிகா குழுவோடு ஒளிப்படக் கருவியுடன் சுற்றியவருக்கு, அப்பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி ஒரு தாளப்பெட்டியை இயக்கிக் காட்டினார். இசை படிக்காத அவர் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டே பாடல் கட்டத் தொடங்கினார். 2005-இல் தந்தையின் பெயரிலும் 2007-இல் தாயின் பெயரிலும் இரண்டு தொகுப்புகள். இரண்டாவதில் பங்க் முன்னோடிகளான தி கிளாஷ் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாடலொன்றின் துணுக்கும், இளையராஜா 'தளபதி'க்கு அமைத்த பாடலின் துணுக்கும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. எங்கள் தெருவுக்கும் இலண்டனுக்கும் இடையே நாங்கள் தேடிக்கொண்டிருந்த பாலத்தை ஓர் அகதிப் பெண் எப்போதோ கட்டி முடித்திருந்தார்.

'கானாவையும் பறையையும் எதற்கு பங்க் என்று அழைக்க வேண்டும்? மேற்கின் சான்றிதழ் தேவையா?' நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படி அழைக்க வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடும். பறை பங்க்கைவிட எத்தனையோ நூற்றாண்டுகள் மூத்தது. நாங்கள் பெயர் சூட்ட வரவில்லை. பாலி ஸ்டைரீனைக் கேட்கப் பழகிய காதை இசைவாணிக்கும் கொடுக்க வேண்டும் என்கிறோம், அவ்வளவே. கண்டுபிடித்தோம் என்று சொல்வதிலும் தயக்கம் இருக்கிறது. அவர்கள் எப்போதும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள்தான் பிந்தி வந்தோம்.

இது வெறும் இரசனைச் சிக்கல் இல்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2012 பிப்ரவரியில் மாஸ்கோ தேவாலயம் ஒன்றில் புஸ்ஸி ரயட் குழுவின் பெண்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பாடினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மூவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர் மட்டும் மேல்முறையீட்டில் வெளியே வந்தார். உலகெங்கும் இசை இரசிகர்கள் கொதித்தார்கள். நாங்களும் தேநீர்க்கடையில் கொதித்தோம். சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் நுழையலாம் என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை ஒட்டிய விவாதச் சூழலில், கோயில் நுழைவு உரிமையைக் கேட்டு இசைவாணி ஒரு பாடல் பாடியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அப்பாடல் தோண்டியெடுக்கப்பட்டது. காவல்துறையில் புகார்கள் குவிந்தன. வசைகளும் மிரட்டல்களும் வந்தன. நீலம் பண்பாட்டு மையம் அவருக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது. மாஸ்கோவுக்காகக் கொதித்த நாங்கள் இராயபுரத்துக்காக என்ன செய்தோம்? அவ்வாரக் கூட்டத்தில் வேறொரு நாவலைப் பேசினோம்.

அப்பாடலின் கருத்தோடு உடன்படாதவர்கள் இருக்கலாம். எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். உடன்படாமையைப் பாட்டாலும் எழுத்தாலும் சொல்லலாம். பாடியவளை மிரட்டி வாயடைப்பது வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லவேண்டிய முதல் கூட்டம் கலையைப் பேசிப் பிழைக்கும் நம் கூட்டம். நாம் ஏன் பேசவில்லை? அவரை நாம் முழுதாகக் கலைஞராக எண்ணியிருக்கவில்லை என்பதே உண்மையான விடை என்று அஞ்சுகிறோம். ஆவணத்துக்கு ஆபத்து வந்தால் எவரும் தெருவில் இறங்குவதில்லை. கலைஞருக்கு வந்தால்தான் இறங்குவார்கள்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் மீண்டும் ஒரு சாவு. வழக்கம்போல் பந்தல், கீபோர்டு, விடியும்வரை கானா. நள்ளிரவுக்குமேல் பாடுபவர் தண்ணீர் குடிக்க எழுந்த இடைவெளியில், உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. செத்துப்போன மகனை நான்கு வரியில் திட்டினாள், நான்கு வரியில் கொஞ்சினாள். சுதி சுத்தமாக நின்றது. மைக் ஐந்தடி தூரத்தில், பந்தல் காலில் சாய்ந்து, உயிரோடுதான் இருந்தது. அதை எடுத்து உள்ளே நீட்ட வேண்டும் என்று அங்கு அமர்ந்திருந்த எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் தோன்றியது.