404 என்று சொன்னது யார்?

இரவு பத்தேகால் மணி. சமையலறையில் மாமியார் வெல்லம் தட்டிக்கொண்டிருக்கிறார். கூடத்தில் மருமகள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. காலையில் நாளிதழ்களோடு சேர்ந்து 3,000 நோட்டீஸ்கள் ஊருக்குள் போகப்போகின்றன. 'தீபாவளிக்கு வீட்டுப் பலகாரம்: அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு' என்று பெரிய எழுத்து. கீழே ஆர்டர் செய்ய இணைய முகவரி, ஓரத்தில் அதே முகவரிக்கான க்யூஆர் கட்டம். அந்த முகவரியைத் தட்டினால் வருவது '404'. அப்படி ஒரு பக்கமே இல்லையாம்.

நோட்டீஸ் அச்சாகிப் பேப்பர் போடுபவர் வீட்டுக்கே போய்விட்டது. இனி முகவரியை மாற்ற முடியாது. அதிரசம் நினைத்த நேரத்தில் சுட்டு எடுக்கிற பலகாரமும் இல்லை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, பாகு ஊற்றிக் கிளறி, மாவை இரண்டு மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். எத்தனை கிலோ ஆர்டர் என்று இந்த வாரம் தெரிந்தால்தான் எத்தனை படி அரிசி ஊறவைப்பது என்று தெரியும்.

"அத்தை, நீங்க படுங்க. நான் பாத்துக்கறேன்" என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறார் மருமகள். அத்தை படுக்கவில்லை.

மருமகளுக்கு வெப்சைட் வேலை புதிதல்ல. குழந்தை பிறப்பதற்கு முன்னால் நாலு வருடம் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இருந்தவர். அங்கே பழகிய கோட்இக்னைட்டர் 3 என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கிலேயே பலகாரக் கடையின் தளத்தையும் கட்டினார். 2006-இல் வெளிவந்த கோட்இக்னைட்டர், 2014-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கல்லூரியின் பொறுப்புக்குப் போனது. 2020-இல் அதன் நாலாம் பதிப்பு வந்துவிட்டாலும், மூன்றாம் பதிப்பைக் கைவிடாதவர்கள் நிறையப் பேர். லேசானது, பழகியது, கேட்டபடி ஓடுவது.

லேப்டாப்பில் எல்லாப் பக்கமும் அழகாக ஓடின. மாதவாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் முகப்புப் பக்கம் மட்டும் வருகிறது. 'ஆர்டர்ஸ்' என்று தட்டினால் 404. 'வீட்டில் ஓடுகிறது, வெளியில் ஓடவில்லை' என்ற இந்தப் புலம்பல் உலகத்து வெப் டெவலப்பர்கள் எல்லோருக்கும் பொது.

பிஎச்பி 1995-இல் வெளியானபோது கணக்கு எளிது. முகவரியில் என்ன எழுதியிருக்கிறதோ, அந்தப் பெயரில் சர்வரில் ஒரு ஃபைல் இருக்கும். ஃபைல் இருந்தால் பக்கம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்றைய ஃப்ரேம்வொர்க்குகளில் அப்படிக் கிடையாது. 'ஆர்டர்ஸ்' என்ற பெயரில் சர்வரின் வாசல் ஃபோல்டரில் எதுவுமே இருக்காது. எந்த முகவரி வந்தாலும் இண்டெக்ஸ் டாட் பிஎச்பி என்ற ஒரே ஃபைலுக்குத்தான் அனுப்பப்படும். அது முகவரியைச் சாய்கோடு சாய்கோடாகப் பிரித்து, முதல் சொல் எந்தக் கன்ட்ரோலர், இரண்டாவது சொல் அதற்குள் எந்த வேலை என்று பார்த்து ஆளைக் கூப்பிடும். இதைத்தான் ரூட்டிங் என்கிறார்கள்.

அடுக்கு மாடிக் குடியிருப்புக்கு வரும் கூரியர்க்காரரை நினைத்துக்கொள்ளலாம். கேட்டில் வாட்ச்மேன். அவரைத் தாண்டினால் எந்த வீட்டில் யார் என்று பட்டியல் வைத்திருக்கும் அலுவலகம். 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று வாட்ச்மேனும் சொல்லலாம், அலுவலகமும் சொல்லலாம். கூரியர்க்காரர் காதில் விழுவது ஒரே பதில். ஆனால் வாட்ச்மேன் வழிமறித்தால் அலுவலகப் பட்டியலை எத்தனை தடவை திருத்தி எழுதினாலும் பிரயோஜனம் இல்லை.

மருமகள் இரண்டு மணி நேரமாகச் செய்துகொண்டிருந்தது அதைத்தான். ரூட்ஸ் ஃபைலைத் திறப்பது, ஒரு வரியை மாற்றுவது, ஏற்றுவது, பார்ப்பது, 404, இன்னொரு வரி. ஒன்பதரை மணிக்குப் பழைய டீம் லீடுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி போட்டிருந்தார். பத்தரைக்கு அழைப்பு வந்தது.

"அக்கா, ரூட்டிங்ல என்னவோ தப்பு. எல்லாம் மாத்திப் பாத்துட்டேன்."

"எல்லாம்னா? எத்தனை வரி மாத்தின?"

பதில் இல்லை.

"சரி விடு. 404-னு யாரு சொல்றாங்க?"

"யாருன்னா... பிரவுசர்ல வருதுக்கா."

"பக்கத்தை நல்லாப் பாரு. அப்பாச்சி சொல்லுதா, கோட்இக்னைட்டர் சொல்லுதா?"

அப்போதுதான் கவனித்தார். வெறும் வெள்ளைப் பக்கம், அடியில் சின்னதாக அப்பாச்சி, உபுண்டு என்று ஒரு வரி. வாட்ச்மேன்தான். அக்கா அடுத்து முகவரிக்கு நடுவில் இண்டெக்ஸ் டாட் பிஎச்பியைச் சேர்த்துத் தட்டச் சொன்னார். இந்தத் தடவையும் 404தான், ஆனால் மெல்லிய கட்டத்துக்குள் கோட்இக்னைட்டரின் சொந்த எழுத்தில். வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போனாலும் அலுவலகமும் ஆள் இல்லை என்கிறது.

"ஆக, ரெண்டு இடத்துல தப்பு. ஒண்ணு ஒண்ணாப் போலாம்" என்றார் அக்கா.

இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிஷம் கூட ஆகாது. ரூட்டிங் தொல்லையில் மாட்டும் பெரும்பாலோர் இதைச் செய்யாமல்தான் ராத்திரியைத் தொலைக்கிறார்கள். இண்டெக்ஸ் டாட் பிஎச்பியோடு தட்டிப் பக்கம் வந்தால் உள்ளே எல்லாம் சரி, கோளாறு வாசலில். அப்போதும் வராவிட்டால் உள்ளேயும் பார்க்க வேண்டும். முகப்புப் பக்கம் மட்டும் வந்ததன் காரணமும் இதுதான். வெறும் தளப் பெயரைத் தட்டினால் அப்பாச்சி தானாகவே இண்டெக்ஸ் ஃபைலைத் திறந்துவிடும். அதற்கு வழிமாற்றலே தேவையில்லை.

வாசலில் என்ன கோளாறு? எல்லா முகவரியையும் இண்டெக்ஸ் ஃபைலுக்குத் திருப்பிவிடும் கட்டளை, டாட் எச்டிஅக்சஸ் என்ற ஃபைலில் இருக்கும். மருமகள் அதையும் மறக்காமல் ஏற்றியிருந்தார். ஆனால் சர்வர் அதைப் படிக்கிறதா? அக்கா சொன்ன சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது. அந்த ஃபைலின் முதல் வரியில் வாய்க்கு வந்ததை ஆங்கில எழுத்தில் அடித்துச் சேமி என்றார். சர்வர் ஃபைலைப் படித்தால் அர்த்தமில்லாத வரியைப் பார்த்து 500 என்று கத்த வேண்டும். கத்தவில்லை. பழைய 404 அப்படியே வந்தது. ஃபைலை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பாச்சி 2.4 வரிசையில் ஃபோல்டருக்குள் இருக்கும் இந்த ஃபைல்களைப் பொருட்படுத்தாதே என்பதுதான் இயல்பான அமைப்பு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடுவது வேகத்தைக் குறைக்கும், பாதுகாப்புக்கும் நல்லதல்ல. லேப்டாப்பில் பலர் போட்டுக்கொள்ளும் எக்ஸாம்ப் தொகுப்பு, படிப்பவர்களின் வசதிக்காக இதைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த வசதிதான் பிறகு காலை வாருகிறது. சர்வரின் அமைப்பு ஃபைலில் 'அலோ ஓவர்ரைட்' என்ற வரியில் 'நன்' என்றிருந்ததை 'ஆல்' ஆக்கினார் மருமகள். உளறல் வரியை அழித்து, அப்பாச்சியை மறுபடி கிளப்பினார். அதே வெள்ளைப் பக்கம்.

கண்ணில் நீர் முட்டியது. "அழாத. மாட் ரீரைட் போட்டியா?"

போடவில்லை. முகவரியைத் திருப்பிவிடும் அந்தத் துணைக்கருவி, உபுண்டுவில் அப்பாச்சியை நிறுவும்போது தானாக இயங்குவதில்லை. ஒரு கட்டளை கொடுத்து எழுப்ப வேண்டும். இல்லையென்று சர்வர் ஏன் சொல்லவில்லை? கட்டளைகளைச் சுற்றி 'இந்தக் கருவி இருந்தால் மட்டும் செய்' என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பார்க்க மரியாதையான ஏற்பாடு. விளைவு, கருவி இல்லாவிட்டால் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். சொந்தச் சர்வர் வைத்திருப்பவர்கள் அந்த நிபந்தனையை எடுத்துவிடுவதே மேல். தப்பு இருந்தால் அது சத்தம் போட்டுத் தெரியட்டும். (எஞ்சின்எக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சேதி: அது டாட் எச்டிஅக்சஸ் ஃபைலைப் படிக்கவே படிக்காது. வழிமாற்றலை அதன் சொந்த அமைப்பு ஃபைலிலேயே எழுத வேண்டும்.)

கருவி எழுந்தது. சாதாரண முகவரியைத் தட்டினால் இப்போது கோட்இக்னைட்டரின் கட்டம் போட்ட 404. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு முதல் முன்னேற்றம், இன்னொரு 404 வடிவத்தில்.

"இப்ப ரூட்ஸ் ஃபைலை அப்படியே படிச்சுக் காட்டு."

படிக்க ஆரம்பித்ததும் மருமகளுக்கே தெரிந்துவிட்டது. எட்டு மணிவாக்கில், அதிரசம், முறுக்கு என்று பலகாரப் பெயரையே முகவரியாக வைக்கலாம் என்று தோன்றி, 'எந்தச் சொல் வந்தாலும் பலகாரப் பக்கத்துக்கு அனுப்பு' என்ற வரியைப் பட்டியலின் தலையில் போட்டிருந்தார். கோட்இக்னைட்டர் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். 'ஆர்டர்ஸ்' என்று வந்தால் அந்தப் பெயரில் ஒரு பலகாரத்தைத் தேடி, கிடைக்காமல் 404 காட்டியிருக்கிறது. லாராவெலிலும் இதே ஆபத்து உண்டு. குறிப்பான வரிகள் மேலே, எல்லாவற்றையும் விழுங்கும் வரி கடைசியில். லாராவெல்காரர்களுக்கு எல்லா வழிகளையும் பட்டியல் போட்டுக் காட்டும் கட்டளையே இருக்கிறது. வழிகளைச் சேமித்துவைக்கும் வசதியைப் போட்டுவிட்டு, பிறகு ரூட்டைத் திருத்திவிட்டுப் பழைய வழியே ஓடுகிறதே என்று திண்டாடுபவர்களும் அங்கே உண்டு. சேமித்ததை அழித்தால் சரியாகும்.

விழுங்கும் வரி கீழே போனது. இன்னும் 404.

"லாகைத் திற" என்றார் அக்கா. கோட்இக்னைட்டர் என்ன தேடியது என்று எழுதிவைக்கும். ஆனால் அந்த வசதி இயல்பாக மூடியிருக்கும். அமைப்பு ஃபைலில் பூஜ்யத்தை ஒன்றாக்கிவிட்டு மறுபடி தட்டினால், கிடைக்காத பக்கத்தின் பெயர் பதிவாகியிருந்தது. ஆர்டர்ஸ் என்பதன் முதல் ஆங்கில எழுத்து பெரியது. ஃபோல்டரில் இருக்கும் ஃபைலிலோ எல்லாம் சின்ன எழுத்து.

விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். கோட்இக்னைட்டர் மூன்றாம் பதிப்பு, கன்ட்ரோலர் ஃபைலின் முதல் எழுத்து பெரியதாகவே இருக்க வேண்டும் என்கிறது. முகப்புப் பக்கத்தின் ஃபைல் ஃப்ரேம்வொர்க்கோடு கூடவே வந்தது, அதனால் பெயர் சரியாக இருந்தது. ஆர்டர்ஸ் ஃபைல் இவர் கையால் அடித்தது. லேப்டாப் அதைக் குற்றமே சொல்லவில்லை.

பெயரை மாற்றினார். தட்டினார். ஆர்டர் பக்கத்துக்குப் பதிலாக முகப்புப் பக்கம் வந்து நின்றது.

அக்கா சிரித்தேவிட்டார். "நடுவுல ரீடைரக்ட் எதாவது போட்டியா?"

போட்டிருந்தார். சற்று முன்னால், வேறு வழி தெரியாமல், 'ஆர்டர்ஸ் என்று வந்தால் நிரந்தரமாக முகப்புக்குப் போ' என்று ஒரு 301. பத்து நிமிஷத்தில் அதை அழித்தும்விட்டார். ஆனால் நிரந்தரம் என்று சொன்னதை பிரவுசர் நம்பி நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சர்வரைக் கேட்காமலே முகப்புக்கு ஓடும். சோதனைக்குப் போடுவதானால் 302 என்ற தற்காலிக எண்ணே போதும்.

"அத்தை, உங்க போன் குடுங்க."

அத்தையின் போன் அந்த முகவரியை இதுவரை பார்த்ததே இல்லை. நோட்டீஸின் க்யூஆர் கட்டத்தைக் காட்டியதும் ஆர்டர் பக்கம் திறந்தது. பெயர், தெரு, எத்தனை கிலோ என்று மூன்று கட்டங்கள். மணி பதினொன்று ஐம்பது.

அக்கா போனை வைக்கும் முன்னால் ஒன்று மட்டும் சொன்னார்: ராத்திரி மாற்றிய வரிகளில் வேலைக்கு ஆகாத அத்தனையையும் படுக்கும் முன்னால் பழையபடி ஆக்கிவிடு. மருமகள் எண்ணிப் பார்த்தார். பதினான்கு இருந்தன. அவற்றில் பதிமூன்றை அழித்தார். விழுங்கும் வரி மட்டும் பட்டியலின் அடியில் நிற்கிறது. அதிரசத்துக்குத் தனி முகவரி வேண்டும் என்ற ஆசை போகவில்லை.

காலை ஆறு மணிக்கு அத்தை எழுப்பினார். கையில் போன்.

"யாரோ ரெண்டு கிலோ அதிரசம்னு போட்டிருக்காங்க பாரும்மா. இதுக்கு எத்தனை படி ஊறவைக்கட்டும், இல்ல இன்னும் வருமா, பொறுக்கட்டுமா?"